திறந்த பானெட்டும் கண்டோர் கூற்றும்: ஒரு பீளமேட்டு ஆய்வு

தன் காரைத் தானே கழற்றி மாட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அங்கெல்லாம் அது மூடிய ஷட்டருக்குப் பின்னால், ரேடியோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒற்றை ஆள் செய்யும் காரியம். கோவைப் பீளமேட்டில் கார் நிற்பது போர்டிகோவில். போர்டிகோவுக்கு எதிரே கேட், கேட்டுக்கு வெளியே தெரு, தெரு நெடுக இன்ஜினியர்கள். இந்த அமைப்பிலிருந்தே இவ்வாய்வு பிறக்கிறது.

வினா எளியது. சின்னக் காரொன்றில் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற, கை பழகியவருக்கு ஒரு மணி நேரம் போதும். அதே வேலையைப் பீளமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டிப் போவது ஏன்? கருவி போதாது என்பர் ஒரு சாரார். அறிவு போதாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பேனர் கேட்டுப் போனால் லேத்தையே காட்டும் அக்கம்பக்கம் உள்ள ஊர் இது. நம் கருதுகோள் வேறு: இங்கே வேலை இழுப்பது அறிவு மிகுதியால்.

அறிவு வந்த வழி

இம்மரபின் மூலபுருஷர் ஜி.டி. நாயுடு என்பதில் அறிஞரிடையே பிணக்கில்லை. 1893-இல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மனதைப் பறிகொடுத்து, கோவைக்கு வந்து ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார், பிறகு மாட்டினார். மெக்கானிக் ஆனார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றையும் செய்து காட்டினார். உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நின்றது.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அந்த முதல் கழற்றலின்போது பக்கத்தில் நின்று, “அதையில்லீங்க, முதல்ல இதைக் கழட்டோணும்” என்று சொல்லக்கூடிய ஆள் அன்றைய கலங்கலில் யார் இருந்திருக்க முடியும்? மோட்டார் சைக்கிளையே அதிசயமாகப் பார்த்த காலம். கழற்றியதை அவரால் திரும்ப மாட்ட முடிந்ததற்கு அவருடைய மேதைமை பாதிக் காரணம், அந்தத் தனிமை மீதிக் காரணம் என்று துணிகிறோம்.

அந்தத் தனிமையை அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவிடாமல் செய்தவர்களுள் அவரே முதன்மையானவர். 1945-இல் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாகி, முதல்வராகவும் அமர்ந்தார். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே வருடம் போதும் என்றார். அரசு ஒப்பவில்லை, பதவியை விட்டு விலகினார். கல்லூரியும் பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. ஆனாலும் அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்ற பஸ் ஸ்டாப் இன்றும் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் காலேஜ்தான் இல்லை. நாயுடு இரண்டு வருடமாகக் குறைக்கச் சொன்ன பாடத்தை, ஹோப் காலேஜ் சுற்றுவட்டாரத்துக் கேட் ஓரங்களில் இப்போது பத்து நிமிடத்தில் நடத்தி முடித்துவிடுகிறார்கள்.

தனிமையைக் கெடுத்தவர் அவர் மட்டுமல்லர்: பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-இல் தொடங்கியது, அதன் இன்ஜினியரிங் காலேஜான பி.எஸ்.ஜி. டெக் 1951-இல் வந்தது, இன்னொரு இன்ஜினியரிங் காலேஜான சி.ஐ.டி. 1956-இல். இடையில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் 1930-களில் இறங்கி வந்து, பஞ்சாலைகளையும் பம்ப்செட் பட்டறைகளையும் பவுண்டரிகளையும் பெருக்கியது. போதாததற்கு ஸ்பீடோமீட்டர் செய்யும் பிரிக்கால், ஹார்ன் செய்யும் ரூட்ஸ் இரண்டும் கோவைக் கம்பெனிகள். எந்த ஊரில் பூட்டிய காராக இருந்தாலும் பீளமேட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், “அந்தப் பீஸு நம்ம கம்பெனில ஓட்டுனதுங்க” என்று உரிமை கொண்டாட ஒருவர் வந்துவிடுவார். உடையவர் மாதத் தவணை கட்டுபவர் மட்டுமே.

(நாயுடு பெயரிலேயே அவினாசி ரோட்டுக்கு மேல் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. யோசனை சொல்ல ஆளில்லாமல் பானெட் திறக்க இப்பகுதியில் மிஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றே. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்பதுதான் குறை.)

திணை

இப்பழக்கத்தை அகத்திணை மரபில் வைத்துப் பார்ப்பதே முறை. நிலம், போர்டிகோவும் போர்டிகோ சார்ந்த தெருவும். சிறுபொழுது, ஞாயிறு காலை. தெய்வம், டேஷ்போர்டில் ஒட்டிய மருதமலை முருகன். விலங்கு, காருக்கடியில் நிழலுக்குப் படுத்திருந்து, ஜாக்கி ஏறியதும் எழுந்து போகும் தெரு நாய். பறை, சிமெண்டுத் தரையில் ஸ்பேனர் விழும் ஓசை. உணவு, டீ, அது எப்போதும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாகவே வரும். கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். வெளியூர் நூல்கள் இதற்கு நூல் விடாத துண்டு வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இங்கே கிலோ கணக்கில் கிடைக்கிறது. உரிப்பொருள், பிரித்தலும் பிரித்தல் நிமித்தமும். ஆகவே இது பாலைக்குப் பக்கம்.

பாலைதான் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தொல்காப்பியம் கண்டோருக்குக் கூற்று வகுக்கிறது. உடன்போக்கில் செல்லும் இருவரை வழியில் பார்ப்போர், வெயிலையும் வழியின் கொடுமையையும் சொல்லி இரங்குவர். அவர்கள் கதையில் யாருக்கும் உறவில்லை; சும்மா நின்று பார்ப்பவர்கள். பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பீளமேட்டுக் கண்டோர் இந்த ஒரு விதியை மட்டும் மீறுகிறார்கள்: போகமாட்டார்கள்.

கண்டோர் கூற்று

ஆயில் மாற்றலையே எடுத்துக்கொள்வோம். டிரெயின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் நொடியில் ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் ஒருவர் கேட்டருகே தோன்றுவார். “ஏனுங்க தம்பி, ஆயில் மாத்தறீங்ளா? வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடு பண்ணீட்டுத்தானுங்க கழட்டோணும்.” சரியான பேச்சு. சூட்டில் ஆயில் இளகும். அடியில் படிந்த கசடும் கலங்கிக் கூடவே வந்துவிடும்.

அதற்குள் எதிர்வீட்டு பவுண்டரிக்காரர் வருவார். “சூட்டுல கழட்டுனா கை பொசுங்கிப் போயிரும்ணா. ராத்திரியே நிறுத்தி வெச்சிருந்தா முச்சூடும் கீழ எறங்கியிருக்குமுங்க.” இதுவும் சரியே. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயில் சம்புக்கு இறங்க நேரம் வேண்டும். இரண்டு உண்மைகள் எதிரெதிரே நிற்கும்போது மூன்றாமவர் தேவைப்படுகிறார், பி.எஸ்.ஜி. டெக் மாணவர் வருகிறார். அவர் சொல்வதும் சரிதான், என்ன சொன்னார் என்பது விளங்காவிட்டாலும்.

போல்ட் கழன்றதும் வாஷர் விவகாரம். அந்தச் சின்ன வளையம் நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது, ஆகவே ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும் என்பது கையேட்டு விதி. “போச்சாது, பழசே இருக்கட்டும்” என்பது ஒரு கட்சி. “சித்தெ இருங்க, செம்புல ஒண்ணு கடைஞ்சு கொண்டாரேன்” என்பது மறு கட்சி. ஸ்பேர்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்காகப் பட்டறை திறக்கப்படும். அளவு எடுக்க வெர்னியர் கேட்டால் ஒன்றுக்கு நான்கு வீட்டிலிருந்து வரும். நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறாகக் காட்டும். அங்கிருந்து பேச்சு, எந்தக் கம்பெனி வெர்னியர் நல்லது என்ற திசையில் போகும்.

பிறகு முறுக்கு. ஃபில்டரைக் கையாலேயே, ரப்பர் வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று திருகினால் போதும். அலுமினியச் சம்பில் போல்ட்டையும் அளவாகத்தான் முறுக்க வேண்டும். முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் வார்ப்பிரும்போடு மல்லுக்கட்டிய கை ஸ்பேனரை வாங்கி, “எச்சா ஒரு முறுக்கு” கொடுக்கும்போதுதான் மரை போகிறது. தவறு அந்தக் கையில் இல்லை. உலோகம் மாறிப்போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

குளிர்நீர் பற்றிய கிளைச் சர்ச்சையையும் இங்கே குறித்தாக வேண்டும். சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்பது கோவையில் நிரூபணம் கேட்கக் கூடாத உண்மை. முதலாவது எது என்று விசாரிப்பவரை யாரும் மதிப்பதில்லை. அந்தப் பெருமிதத்தில் ரேடியேட்டருக்கும் அதையே ஊற்றச் சொல்வோர் உண்டு. கூலண்டில் உள்ள கிளைக்கால் கொதிநிலையை ஏற்றுகிறது; அதோடு கலந்திருக்கும் மருந்துகள் உள்ளே துரு ஏறாமல் காக்கின்றன. இரண்டையும் சிறுவாணி செய்யாது. பேட்டரிக்கோ காய்ச்சி வடித்த நீரைத் தவிர எதுவும் ஆகாது. குடிக்க நன்றாயிருப்பது அலுமினியத்துக்கும் ஈயத் தகட்டுக்கும் நன்றாயிருக்க வேண்டியதில்லை. இதைத் தெருவில் சொல்லிப் பார்த்தால் சொன்னவர் எந்த ஊர் என்றுதான் கேட்கிறார்கள்.

தலைவி கூற்று

பிரேக் ஆயில் மாற்றுவது வீட்டு வேலைகளில் தனி வகை. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். ஊட்டி இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆவியாகி, பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஓர் ஆள் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுத்த வேண்டும். இன்னோர் ஆள் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து, குமிழி வருவதைப் பார்த்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விடலாம். முன்பே விட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே ஏறும். சீட்டில் உட்காருபவர் பெரும்பாலும் தலைவி.

“அமுத்து.”

“அமுத்தீட்டனுங்க.”

“புடிச்சுக்க.”

இந்த இடத்தில், கேட்டருகே நிற்கும் கண்டோருள் ஒருவர் போனில் யாரிடமோ, வேறேதோ விஷயமாக, “சரி, விடுங்க” என்பார். தலைவி விட்டுவிடுவார். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“ஏனுங்க, அமுத்தறதா விடறதா, ஒண்ணைச் சொல்லுங்க. காத்து அமுங்கும், ஆயில் அமுங்காது. இதுக்கு எதுக்குங்க இத்தனை பேரு?” தலைவி பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவராக இருக்கும் வாய்ப்பு இவ்வூரில் கணிசம் என்பதை நினைவில் கொள்க. பிரேக் தத்துவத்தை ஒரே வாக்கியத்தில் முடித்த ஒரே கூற்று இது. கண்டோர் இதற்கு மறுமொழி சொல்வதில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டுப் பின்சக்கரத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

விலக்கு

விளையாட்டுக்கு அப்பாற்பட்ட ஒன்று உண்டு. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது. காம்பவுண்டுச் சுவர் கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கைத் தாங்கு கொடுப்பதும் அதே ஆபத்துதான். கான்கிரீட் பிளாக் வளைந்து காட்டாது, எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் வாங்குங்கள். சமதளத்தில் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்டோரில் எவர் “இறங்காதீங்க” என்றாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய ஆயில் பற்றிச் சுருக்கமாக. தோட்டத்து மோட்டார் ரூம் கதவுக்குக் கரையான் வராமலிருக்கப் பூசுவது இங்கே நெடுநாள் வழக்கம். அதைச் சாக்கடையில் ஊற்றுவதைவிட மேல் என்பதற்கு மேல் அதைப் புகழ இடமில்லை. கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே சரி.

புதிய ஏடுகள்

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய கார்களில் பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி மட்டும் தெரிகிறது. கண்டோர் ஒரு கணம் மௌனமாவதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்க முடிகிறது. மாணவர் மட்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் தீப்பெட்டியளவு ஸ்கேனரைச் செருகி, போனில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு வாசிக்கிறார். ஆனால் அந்தக் கோடு எந்தப் பகுதியில் கோளாறு என்பதைத்தான் சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை. அந்த “ஏன்” என்ற இடைவெளியில் மில் ஃபிட்டரும் பவுண்டரிக்காரரும் மீண்டும் நுழைந்துவிடுகிறார்கள்.

மின்சாரக் கார் வந்தால் இந்த இலக்கியமே அழிந்துபோகும் என்று சிலர் வருந்துகிறார்கள். ஆயில் இல்லை, ஃபில்டர் இல்லை, பிளக் இல்லை. பெரும்பாலான கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் ஆரஞ்சுக் கேபிள்களை வீட்டில் யாரும் தொடவே கூடாது. வாதம் வலுவானதே. ஆனால் வாதிடுவோர் ஒரு தகவலை விட்டுவிடுகிறார்கள்: பெட்ரோல் இன்ஜின் பீளமேட்டுக்கு வெளியிலிருந்து வந்த பொருள்; மோட்டார் அப்படியில்லை. இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் 1937-இல் டி. பாலசுந்தரம் கையில் உருவாகி வெளிவந்தது, நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில். அது இருந்த இடம் பீளமேடு. அன்று முதல் இத்தெருக்களில் மோட்டார் காயில் கட்டாத கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கள ஆய்வில் கண்டது: புதிதாக வந்த மின்சாரக் காரின் பானெட்டை உடையவர், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றுவதற்காக மட்டும் தூக்கினார். பாட்டில் மூடியைத் திருகுவதற்குள் கேட்டருகே மூன்று பேர்.

“மோட்டாருங்ளா? காயில் கட்டறதுன்னாச் சொல்லுங்க தம்பி, நம்ம பையன் ஒருத்தன் இருக்கறான்.”