பன்னெண்டடி எலும்புக்கூடும் ஒரு சொம்பு வடிகஞ்சியும்

ஏனுங்க மாப்ள, இப்படிச் சித்த உக்காருங்க. அந்த லேப்டாப்ப மூடச் சொல்லலீங்க, அதும்பாட்டுக்குத் தொறந்து கெடக்கட்டும். அதுல பல்லக் காட்டிட்டு நிக்கற எலும்புக்கூட்ட நானும் பாத்துட்டேன். 12 அடியாமா? 2020-ல ஹோம் டிப்போக்காரன் மொதமொதலா எறக்குனப்ப 299 டாலராம், சனம் அடிச்சுப் புடிச்சு வாங்குச்சுன்னு அம்மிணி சொன்னா. வாங்குங்க, மகராசனா வாங்குங்க. சம்பாரிக்கறது நீங்க, கேக்க நான் ஆரு? ஒரே ஒரு வெசனந்தான் எனக்கு. நவம்பர் ஒண்ணாந்தேதி விடிஞ்சா அந்த மனுசன எங்கீங்க படுக்க வெப்பீங்க? காரேஜுல ஓடற மெசினு ஒண்ணு துணி காயப் போட்டுக்கிட்டு நிக்குது. இனி என்ற கட்டில்தான் பாக்கி.

இந்த ஹாலோவீன் நோம்பியோட மூலத்த உங்க மகதான் எனக்குப் படிச்சுக் காட்டுனா. அயர்லாந்துல அறுப்பு முடிஞ்சு குளிரு பொறக்கற ராத்திரி, செத்தவங்க வீடு தேடி வருவாங்கன்னு நெருப்பு மூட்டிக் கொண்டாடுனதாம். அங்க ஜாக்குன்னு ஒரு கருமி இருந்தானாம். எச்சக்கையில காக்கா ஓட்டாத பய. சைத்தானையே ஏமாத்திப் போட்டான். அவன் செத்தப்பறம் சொர்க்கத்துலயும் எடமில்ல, நரகத்துலயும் சைத்தான் சேத்துக்கல. ஒரு கங்க எடுத்துக் குடுத்து, போடான்னு தொரத்தி உட்டுட்டானாம். அவன் ஒரு டர்னிப் கெழங்கக் கொடஞ்சு, கங்க உள்ள வெச்சுக்கிட்டு இன்னைக்கும் சுத்திட்டு இருக்கறான்னு கத. நீங்க வாசப்படியில வெக்கற வெளக்கு அவனோட வெளக்குத்தானுங்க. ஒத்தக் காசு செலவு பண்ணாத ஒருத்தன் பேரச் சொல்லி நடக்கற நோம்பிக்கு 299 டாலரா? ஜாக்கு கேட்டா நெஞ்சு வெடிச்சு ரெண்டாந்தடவ செத்துருவான்.

1845-ல உருளைக்கெழங்கு அழுகிப் பஞ்சம் வந்து, அந்தச் சனம் கூட்டங்கூட்டமா கப்பலேறி இங்க வந்துச்சு. டர்னிப்பக் கொடஞ்சா மணிக்கட்டு கழண்டுரும். இங்கத்த பூசணி கரண்டிக்கே வழி உடுது. அப்பறம் ஆருங்க டர்னிப்பத் தொடுவாங்க? நீங்க வாங்கியாந்திருக்கறது ஹவுடன் ரகம். இதே மாசசூசெட்ஸ்ல ஜான் ஹவுடன்னு ஒரு பண்ணையக்காரரு 1960-கள்ல பாத்துப் பாத்துப் பொறுக்கி உண்டாக்குன வெதை. தடிச்ச காம்பு, கெட்டித் தோலு, மூஞ்சி வெட்டறதுக்குன்னே பொறந்த காயி. போன வாரம் அதச் சாம்பார்ல போட்டீங்களே, மாப்ள சமைச்சதாச்சேன்னு தின்னேன். நாரும் தண்ணியும். சமையலுக்கு 'சுகர் பம்ப்கின்'னு சின்னதா ஒண்ணு விக்கும், அத வாங்குங்க.

வெட்டறப்ப மூடியோரத்துல கத்திய உள்பக்கமாச் சாய்ச்சுப் புடிங்க. நெட்டுக்குத்தா எறக்குனா மூடி உள்ள உழுந்துரும். எஞ்சினீயருக்கு நான் சொல்லித் தரோணுமாக்கும்! வெளக்குப் போட்டா மினுங்கற அளவுக்கு உள்சதைய நல்லாச் சொரண்டிருங்க. வெதையத் தூக்கி வீசாதீங்க. கழுவிக் காய வெச்சு, உப்பும் மொளகாப்பொடியும் பெரட்டி வறுத்துக் குடுங்க, நான் பேசாம ஒரு மூலையில உக்காந்துக்குவேன். நோம்பிக்கு ரெண்டு மூணு நாள் முன்னால வெட்டுனாப் போதும். அதுக்கும் முன்ன அவசரப்பட்டா மூஞ்சி உள்வாங்கிப் பொக்கவாயாயிரும். போற வார கொளந்தைங்க அப்புச்சி உக்காந்திருக்காருன்னு வணக்கம் வெக்கும்.

பேய்க்கு வாங்க. சல்லாத்துணி இருக்கு, வடிகஞ்சி இருக்கு, இன்னும் என்னங்க வேணும்? ஒரு சீசா மேல ஊதுன பலூன ஒட்டி வெச்சு, கஞ்சியில முக்குன துணிய மேல போத்தி, கம்பி வெச்சு ரெண்டு கையி விரிச்சு உட்டு ராத்திரி பூரா காய உடுங்க. காலைல ஊசியில பலூனக் குத்தி சீசாவ உருவுனா, பேயி தானா நிக்கும். கண்ணுக்கு ரெண்டு பொட்டுக் கருப்புத்துணி. நீங்க கரண்டு குக்கர்ல பொங்கறீங்க, அதுல ஏது கஞ்சி? அதுக்குத்தான் ரெண்டு நாளா நான் குண்டாவுல சோறு வடிச்சுட்டு இருக்கறேன். பெருசு எதையோ தேடுதுன்னு நீங்க நெனச்சிருப்பீங்க.

பஞ்ச இழுத்துச் செடி மேல சிலந்தி வலை போடறீங்களே, அத மட்டும் வேண்டாங்க. குருவி, ஆந்தையெல்லாம் மாட்டிக்கிட்டுச் சாவும். சன்னலுக்கு உள்பக்கம் கட்டிக்குங்க. எதுத்த வீட்டுல மக்காச்சோளத்தட்டக் காசு குடுத்து வாங்கியாந்து வெளக்குக் கம்பத்துல கட்டியிருக்கறாங்க. தின்ன ஒரு மாடு இல்ல. அதப் பாத்தா எனக்கு ரவ்வுக்குத் தூக்கம் வாறதில்ல.

தின்பண்டத்துலதான் எனக்கு நாட்டம். கார்வர் பக்கம் கூட்டிட்டுப் போயி கிரான்பெர்ரி வயலக் காட்டுனீங்களே, அதுக்கு உங்களுக்குப் புண்ணியமுங்க. நீங்க போட்டோ புடிச்சுட்டு இருந்தீங்க, நான் அந்தப் பண்ணையக்காரரு சொன்னத அம்மிணி வாயால கேட்டுக்கிட்டு இருந்தேன். அது தண்ணிக்குள்ள காய்க்கற பழமில்லீங்க. மணலோட கெடக்கற தாழ்ந்த நெலத்துல படர்ற கொடி. அறுப்புக்குத்தான் ஒண்ணரை அடி தண்ணி கட்டி, மெசின் உட்டு அலசறாங்க. பழத்த ரெண்டா நறுக்கிப் பாருங்க, உள்ள நாலு அறை, நாலுலயும் காத்து. அதான் கழண்டதும் மெதக்குது. வயலே செவந்து போயி நிக்குது. விஸ்கான்சின்காரங்க இப்ப வெளைச்சல்ல முந்திட்டாங்கன்னு சொல்றப்ப மட்டும் அந்த ஆளு மூஞ்சி சுண்டிப் போச்சு. வெள்ளாமைக்காரன் எந்த ஊர்லயும் வெள்ளாமைக்காரந்தான்.

1816 வாக்குல கேப் காட்டுல, டென்னிஸ்ங்கற ஊர்ல ஹென்றி ஹால்னு ஒரு பழைய பட்டாளத்துக்காரரு. அவரு கொடி மேல காத்துல மணலு வந்து மூடிருச்சு. வேற ஆளா இருந்தா தலையில கைய வெச்சு உக்காந்திருப்பான். இவரு பொறுத்துப் பாத்தாரு, காய்ப்பு கூடியிருக்குது. அப்பருந்து மணல் போடறது பழக்கமாயிருச்சு. குளிர்ல வயலு உறைஞ்சு கெடக்கறப்ப பனிக்கட்டி மேல லாரியில மணலப் பரப்பிட்டு வந்துருவாங்களாம். உருகுனா மணலு அதும்பாட்டுக்குக் கொடியில எறங்கிக்கும். இது பண்ணையம் மாப்ள, நீங்க மொபைல்ல வெளையாடறீங்களே அதில்ல.

நியூஜெர்சியில ஜான் வெப்புன்னு ஒருத்தருக்குக் கட்டைக்காலு. பழத்தச் சொமந்து படியெறங்க முடியாம, மேல இருந்து கொட்டி உட்டாருன்னு சொல்றாங்க. நல்ல பழம் குதிச்சுக் குதிச்சுக் கீழ வந்துருச்சு, அழுகல் படியிலயே தங்கிருச்சு. பொறவு வந்த மெசினும் அந்தக் குதியத்தான் பாக்குது. நீங்க கடையில பைய்யத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டறீங்க. ரெண்டு பழத்தக் கீழ போட்டுப் பாருங்க, சேதி தெரிஞ்சு போயிரும்.

நவம்பர் நாலாவது வியாழக்கெழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அம்மிணி அதச் சக்கரை போட்டுக் காச்சி வான்கோழிக்குத் தொட்டுக்கட்டும், நான் குறுக்க வரல. எனக்கு ஒரே ஒரு பை, 12 அவுன்சு. நல்லெண்ணெயில கடுகும் பெருங்காயமும் தாளிச்சு, பழத்தக் கொட்டி மூடிருங்க. பட்பட்டுன்னு வெடிக்கும், பேயி வந்துருச்சுன்னு ஓடாதீங்க. உப்பு, மொளகாப்பொடி, வறுத்த வெந்தயப்பொடி, எலந்தப்பழமளவு வெல்லம். தளதளன்னு இருக்கறப்பவே எறக்கிருங்க, ஆறுனா தானா எறுகிக்கும். தயிர்ச்சோத்துக்கு அத வெச்சுட்டா, இங்க மாங்கா கெடைக்கலையேன்னு நான் பொலம்பறது நின்னு போயிரும். உங்களுக்கு அதவிட என்ன லாபம் வேணும்?

ஹாலோவீன் ராத்திரி வார கொளந்தைங்களுக்கு மிட்டாய் மட்டும் அள்ளிப் போடாதீங்க. கடலை ஆகாத கொளந்தைங்களுக்காக மயில்கழுத்து நெறத்துல ஒரு பூசணிய வெக்கறது 2014-ல இருந்து நாடு பூரா பரவியிருக்குதாம். அந்த வீட்டுல பென்சிலு, ஸ்டிக்கரு கெடைக்கும்னு அர்த்தம். அதுக்குப் பெயிண்டு பேத்தி கிட்ட இருக்குது, நான் கேட்டு வெச்சுட்டேன்.

வாசல்ல ஒரு ஆளையும் கட்டி நிறுத்தியிருக்கேனுங்க. உள்ள பூரா மேப்பிள் சருகு, தலைக்குத் தலகாணி உறை. எதுத்த வீட்டம்மா காலைல நின்னு, அதுக்கு உங்க பேரச் சொல்லி குட் மார்னிங் வெச்சுட்டுப் போகுது. அந்தக் கட்டம் போட்ட சட்டை இனி உங்களுக்கு வயித்துல பத்தாதுன்னு அம்மிணிதான் எடுத்துக் குடுத்தா. பேண்ட்டு மட்டும் நான் கேக்காம எடுத்தது.