மானாவாரிச் சீமையில் கடற்பாசி: உவர்நீர்த் தொட்டி குறித்த ஓர் ஆய்வு

1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது விருதுநகர்ப் பங்குக்குக் கடல் வரவில்லை. கரிசலும் கண்மாயும் வெயிலும்தான் வந்தன. பாகப்பிரிவினையில் நேர்ந்த இந்த அநீதியைத் தனியார் தம் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ளும் முயற்சியே சிவகாசி வீடுகளின் உவர்நீர் மீன்தொட்டி என்பது இக்கட்டுரையின் முதல் கருதுகோள். இதை மறுத்து இதுவரை யாரும் எழுதவில்லை. ஆகவே நிறுவப்பட்டதாகக் கொள்க.

கடலை உண்டாக்குவது எளிது. அதற்கென விற்கும் உப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைத்தால் போதும். (தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்பார்கள். அது சாம்பாருக்கு.) மன்னார் வளைகுடாவிலிருந்து பவளம் பெயர்த்து வரும் யோசனையும் வேண்டாம். 2001 முதல் பவளப்பாறை உயிரிகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு இடம்பெற்றிருக்கின்றன. தொட்டியில் பிறந்து வளர்ந்த இரண்டு கோமாளி மீன்களே போதும். சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்புத் தூள் படியும், அது டயட்டம். அது ஓய்ந்ததும் பச்சை முடிப்பாசி. அதன்மேல் செந்நிற வழவழப்பு. பின்னது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா என்பது அறிஞர் முடிவு. துடைப்பவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, தொட்டிக்குள்ள கீரை போட்டிருக்கீகளா?" என்று கேட்கும் கட்டத்தை நோய் முற்றிய நிலை என வரையறுக்கலாம்.

காரணம் என்ன? வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். கடலின் மிதவை உயிரிகளில் நைட்ரஜனும் பாஸ்பரசும் 16க்கு 1 என்ற கணக்கில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு வழியாக உலகம் அறியும். விகிதம் பார்த்துக் கலப்பது சிவகாசிக்குப் புதிதல்ல. கரிமருந்தில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. அந்த வெடியுப்பும் பொட்டாசியம் நைட்ரேட்தான். எனவே பட்டாசு ஆலை நைட்ரேட் காற்றில் பறந்து வந்து தொட்டியில் விழுகிறது என்றொரு கொள்கை தொட்டிக்காரர்களிடம் செல்வாக்குடன் உலவுகிறது. வசதியான கொள்கை, ஆதாரம்தான் இல்லை. வானத்தில் பச்சை காட்டும் பேரியத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. தொட்டிப் பச்சை மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை.

உண்மைக் குற்றவாளி இந்த ஊரின் வறட்சி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, குச்சியும் மருந்தும் சட்டென்று உலரும் இந்தக் காற்றே அவர்களுக்குப் பெரிய முதல். அதே காற்று தொட்டித் தண்ணீரையும் விட்டுவைப்பதில்லை. சித்திரை வெயிலில் மீன் வேகாமல் 26 டிகிரியில் வைக்க ஃபேன் போட்டால் இன்னும் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்தவை உள்ளேயே தங்கும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். அதோடு சிலிக்கா வருகிறது, நைட்ரேட்டும் வரலாம். மறுநாள் தண்ணீர் போய்விடும், வந்தவை போகா. இப்படி ஒவ்வொரு செம்பாகச் சேர்வதுதான் பாசியின் உரக்கிடங்கு. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் 50, 60 காட்டும். குடிக்க நல்லது, பாசி குடிக்கவும் நல்லது. ஆர்.ஓ.வுக்கு அடுத்து, கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வைத்து, மீட்டர் 0 காட்டும் தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

தொட்டியை ஈசானிய மூலையில் வைக்கச் சொல்கிறது வாஸ்து. காலை வெயில் நேரே விழும் மூலையும் அதுதான். வாஸ்துவோடு வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஜன்னலுக்குத் திரை போடக்கூடாது என்று அதில் சொல்லவில்லை. விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

முளைத்துவிட்ட பாசியைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கும்போதே டியூபால் உறிஞ்சி எடுக்க வேண்டும். விட்டால் துணுக்குகள் மிதந்து போய் வேறு பாறையில் குடியேறும். டர்போ நத்தை நன்றாக மேயும், ஆனால் கவிழ்ந்தால் சில சமயம் தானே நிமிராது; கையை விட்டு நிமிர்த்தாவிட்டால் செத்து அழுகி, மேய்ந்ததையெல்லாம் உரமாகத் திருப்பித் தரும். என் ஓட்டு கீட்டோமார்ஃபா பாசிக்கு. தொட்டியோடு இணைத்த தனிப் பெட்டியில் இரவில் விளக்கெரித்து வளர்த்து, அவ்வப்போது அறுத்து எறிந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போகும். முள்ளை முள்ளால் எடுக்கும் வேலைதான், எல்லைக்குள் நிற்கும்வரை. மண்டபம் பக்கம் கயிற்றில் கட்டி வளர்த்துக் காசு பார்க்கும் காப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இத்தனையும் செய்த வீட்டிலும் பாசி வருகிறது என்றால், உறவினர் வருகையை ஆராய வேண்டும். கண்ணாடி அருகே யார் போனாலும் மீன் வாயைத் திறந்து மூடும். "பாவம், வாயில்லா ஜீவன் பசியில கெடக்கு" என்று பெரியம்மா ஒரு பிடி தீவனம் போடுவார். அரை மணி கழித்து மாமா. மீன் தின்னாமல் விட்டது அழுகி நைட்ரேட்டாகும். தீவனத்தில் பாஸ்பேட் ஏற்கெனவே உண்டு. ஆகவே தீபாவளிக்கு வரும் சொந்தபந்தங்களுக்கு விண்ணப்பம்: மீன் சாப்பிட்டாயிற்று. அது வாயைத் திறப்பது மூச்சு விட. தீவன டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நீங்கள் சாப்பிட வாருங்கள்.