விங்கர் வருகையும் வேலியோர நிற்றலும்: வட்டவடைத் தடுப்பு மரபு குறித்துச் சில முடிந்த முடிபுகள்

கைப்பேசிக் கால்பந்தாட்டத்தில் எதிரணி விங்கர் கோட்டோரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிவரும்போது அவனை என்ன செய்வது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுகாறும் தீண்டியதில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிவைத்த பூக்கள் 99 தானா என்று எண்ணிச் சரிபார்க்கத் தலைமுறைதோறும் ஆள் கிடைக்கிறது. வலப்பக்கம் தனியாக ஓடிவரும் ஒரே ஒருவனைக் கவனிக்க ஆள் இல்லை. அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது. இனி இதுபற்றி எவரும் எழுத வேண்டியதில்லை.

1. ஆய்வுக்களம்

வட்டவடை, இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வெளியேறினால் கோவிலூர் கடைத்தெரு. சுற்றிலும் படிப்படியாக இறங்கும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் வயல்கள். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வரும், அதைப் பற்றிய சண்டை தமிழில் நடக்கும். மாவட்டத்துக்கும் ஓரம், மாநிலத்துக்கும் ஓரம். ஓரமாக வருகிறவனைப் பற்றி ஓரத்தில் இருப்பவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

2. தகவலாளி

என் அக்கா மகன், பிளஸ் ஒன். ஆய்வு மானியம்: ஒரு முட்டை பப்ஸ்.

3. முன்னாய்வுகள்

இல்லை. இருந்தாலும் பார்க்கப்படவில்லை.

4. பாடபேதம்

கொனாமி நிறுவனத்தின் ஆட்டம் 2021இல் ‘ஈஃபுட்பால்’ என்று பெயர் மாறியது. ஃபிஃபா பெயரில் வந்துகொண்டிருந்த ஆட்டம், அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் முறிந்தபின் 2023இல் ‘எஃப்சி’ ஆனது. இவற்றுள் மூலப்படி எது என்பதில் கட்சி கட்டிச் சண்டையிடும் வாய்ப்பு பிரகாசமாக இருப்பதால், அதை இளம் ஆய்வாளர்களுக்கு விட்டுவைக்கிறேன்.

5. சிக்கல்

விங்கர் கோட்டோரம் பாய்கிறான். ஃபுல்பேக் முன்னேறிப் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஆடுகிறவருக்குக் கை பதறுகிறது. நடுவில் நிற்கும் சென்டர்பேக்கைப் பிடித்து ஓரத்துக்கு இழுக்கிறார். நடு இடம் காலியாகிறது. விங்கர் பந்தைப் பின்னால் உருட்டிவிடுகிறான். அங்கே ஒருவன் நிதானமாக நிற்கிறான். கோல்.

இந்நிகழ்வைத் தகவலாளியின் கைப்பேசியில் நேரில் கண்டேன். திரையின் வலது மூலையில் சிலந்திவலை மாதிரி ஒரு விரிசல். விங்கர் அந்த விரிசலுக்குள் நுழைந்தால் கண்ணுக்குத் தெரியமாட்டான். பையன் கேரட் பிடுங்கிவிட்டு வந்திருந்தான், கட்டைவிரல் நகத்துக்கடியில் செம்மண். அந்த விரல் திரையை அழுத்தவில்லை, சும்மா தொட்டுக்கொண்டே இருந்தது. ‘மாமா, சென்டர்பேக்க இழுத்துக்கிட்டு ஓடாதீங்க. அவன் அங்கனயே நிக்கட்டும்’ என்றான். (வாய்மொழி, கோவிலூர் டீக்கடை.)

ஓரிடத்தில் நிற்பதை வேறெங்கோ கொண்டுபோய்ப் பொருத்தும் இவ்வழக்கத்துக்கு உரையாசிரியர்களிடம் மாட்டு என்று பெயர். நச்சினார்க்கினியர் இதில் வல்லவர். அவருக்கு எதிரே விங்கர் யாரும் இல்லாததால் தப்பித்தார்.

6. திணை ஆராய்ச்சி

இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

விங்கரின் ஓட்டம் எத்திணை? பிறர் உடைமையைக் கவர எல்லையோரமாகப் புகுதலின் வெட்சி. ஐயமில்லை. தடுப்பவன் எத்திணை என்பதில்தான் வழக்கு. பந்தை மீட்கிறான், ஆகவே கரந்தை என்பர் ஒரு சாரார். கோல் வாயிலைக் காக்கிறான், ஆகவே மதில் காக்கும் நொச்சி என்பர் மறு சாரார். (மேற்படி கடை, வாசல் பெஞ்சு, சாய்வு உள்ள பக்கம்.) கரந்தைக் கட்சிக்கு உடனே ஒரு முட்டுக்கட்டை: தொல்காப்பியர் கரந்தையைத் தனித்திணையாகவே வைக்கவில்லை, வெட்சிக்குள் அடக்கிவிட்டார். நொச்சியை உழிஞைக்குள் அடக்கினார். இரண்டையும் பிரித்துத் தனி நாற்காலி போட்டது புறப்பொருள் வெண்பாமாலை. எனவே தொல்காப்பிய நெறிப்படி ஆடுகிறவர், தடுக்கும்போதும் தாக்குகிறவராகவே கருதப்பட வேண்டும். அதனால்தான் நம் ஆட்கள் தடுக்க வேண்டிய நேரத்தில் ஸ்லைடிங் டேக்கிள் பித்தானை அழுத்திச் சிவப்பு அட்டை வாங்குகிறார்கள் போலும்.

நிற்க. வெட்சி குறிஞ்சியின் புறன் என்பது தொல்காப்பியம். குறிஞ்சி நிலம் எது? வட்டவடை, கொட்டாக்கம்பூர் மலைகளில் நீலக்குறிஞ்சிக்கென்றே 2006இல் சரணாலயம் அறிவித்தார்கள். ஆகவே விங்கர் ஓட்டம் தோன்றியது வட்டவடையில். பிரேசில்காரர்கள் இங்கிருந்து எடுத்துப்போனார்கள். எப்படி எடுத்துப்போனார்கள் என்று கேட்பவர் ஆய்வு முறையியல் அறியாதவர். எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று என்று முதலில் நிறுவிவிட்டால், போன வழியைப் பிறகு யாராவது கண்டுபிடித்துக்கொள்வார்கள். முனைவர் பட்டங்கள் பல அப்படித்தான் கரையேறியிருக்கின்றன.

இதற்கு அமெரிக்காவிலிருந்தும் அகச்சான்று உண்டு. அங்கே பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த புகழ்பெற்ற விளையாட்டு 1988இல் வெளிவந்தது. ஜான் மேடன் என்ற பயிற்சியாளர் பெயரில் வந்தது அது. அணிக்குப் பதினொருவர் இல்லாவிட்டால் தன் பெயரைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் அவர். அவர் பயிற்றுவித்து வாகை சூட்டிய அணி ஓக்லாந்து ரெய்டர்ஸ். அதாவது நிரை கவர்வோர். வெட்சி கலிபோர்னியா வரை பரவியிருந்தமை இதனால் பெறப்படும். (மேற்படி பெஞ்சு, இரண்டாம் டீக்குப் பின் சொன்ன கூற்று, முதல் டீயின்போது சொன்னது இடைச்செருகல்.)

அவ்வாட்டத்தில் ஓரமாக ஓடுகிறவனைத் தடுக்கும் விதி சுருக்கமானது. கடைசியில் நிற்பவன் தன் வெளித்தோளை யாரிடமும் சிக்கவிடக்கூடாது. ஓடிவருபவனைத் தானே வீழ்த்தாவிட்டாலும் பாதகமில்லை, வெளியே சுற்றிப் போகவிடாமல் உள்ளே திருப்பிவிட்டால் போதும். அங்கே கூட்டம் காத்திருக்கும். நம் கால்பந்திலோ நேர்மாறு. மெஸ்ஸி மாதிரி இடக்காலன் வலப்பக்கத்தில் வந்தால், உள்ளே விட்டவன் கெட்டான். கோட்டுப் பக்கமே நெருக்கித் தள்ள வேண்டும். உள்தள்ளிகள், வெளித்தள்ளிகள் என இவ்வாறு இரு பள்ளிகள். இரண்டும் ஒன்றையொன்று மறுத்து நூல் எழுதாதிருப்பது வியப்பே. (பஜ்ஜி சுற்றித் தந்த தாள், பின்பக்கம், எண்ணெய் ஏறாத பகுதி. எண்ணெய் ஏறிய பகுதியில் இதற்கு மாறான கருத்து உண்டு என்போர் அத்தாளைக் கண்டவரல்லர். கண்ட ஒரே படி என் சட்டைப்பையோடு சலவைக்குப் போயிற்று. கடல்கொண்ட நூல்கள் வரிசையில் இதனையும் சேர்த்துக்கொள்க.)

7. குரங்கும் பூனையும்

ஈஃபுட்பாலில் மேட்ச்-அப் என்றொரு பித்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டே இருந்தால் நம் ஆள் விங்கருக்கு முகம் கொடுத்தபடி, பாயாமல், பக்கவாட்டில் நகர்ந்து வழியடைப்பான். கால் ஃபார் பிரஷர் என்பது வேறு. அதை அழுத்தினால் நம் கட்டுப்பாட்டில் இல்லாத இன்னொருவன் தானாக ஓடிப்போய் நெருக்குவான். முன்னது, குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயம், வடகலை. பின்னது, தாய் வந்து கவ்விக்கொள்ளும் மார்ஜார நியாயம், தென்கலை. யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் ஏறிய மரபு நமது. கோல்கீப்பருக்கு எந்த நாமம் என்பது இன்னும் கிளம்பவில்லை.

தகவலாளி முட்டை பப்ஸின் ஓரத்தைக் கடித்தபடியே இச்சிக்கலை முடித்துவைத்தான்: ‘ரெண்டையும் அழுத்தணும் மாமா. ஆனா மொதல்ல மேட்ச்-அப்.’ இது சமரசவாதம். ஆய்வில் ஏற்பதற்கில்லை.

8. காட்டுமாடு

வட்டவடை வயலுக்கு வரும் காட்டுமாடு நடுவரப்பில் நேராக வந்து நிற்காது. சோலை முடியும் ஓரம், வேலி தளர்ந்த இடம், அதன் வழியாகத்தான் நுழையும். காட்டுப்பன்றியும் அப்படியே. காவல் இருக்கும் பெரியவர் ஒருவரிடம், வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘குறுக்க ஓடப்படாது. தகரத்தைத் தட்டிக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கணும். அதுக்குக் காட்டுப்பக்கம் போக வழி விடணும். வழிய அடைச்சா நம்ம மேலதான் வரும்’ என்றார். அவர் ஈஃபுட்பால் ஆடியதில்லை. மேடன் பெயரைக் கேட்டதில்லை. தட்டை, குளிர், தழல் என்று குறிஞ்சிப்பாட்டில் கிளியோட்டும் கருவிகள் வருகின்றனவே, அவர் கையிலிருந்த தகரம் அவற்றுள் எது என்றேன். ‘வேர்க்கடலை எண்ணெய் டின்னு’ என்றார்.

9. வரலாற்றுச் சான்று

டாப் ஸ்டேஷன் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு மலைமேலேயே ஒரு பழைய சாலை போகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் வந்து இறங்கினால் கொடைக்கானலிலிருந்து மூணாறு வழியாகக் கொச்சிக்கு ஓடிவிடலாம் என்று வெள்ளைக்காரர் சீர்செய்து வைத்தது. எஸ்கேப் ரோடு என்றே பெயர். ஜப்பான்காரன் வரவில்லை, அவர்களும் அவ்வழியே ஓடவில்லை. பிற்பாடு சாலையையே மூடிவிட்டார்கள். ஓரத்தை அடைத்து ஓட்டத்தை அறவே நிறுத்திய முழு வெற்றி இது ஒன்றே. தடுத்தவர்: வனத்துறை.

10. விண்ணப்பம்

இதைப் படித்துவிட்டுக் களஆய்வுக்குப் புறப்படும் பேராசிரியர்கள், கையோடு ஆய்வுக்கோவை எடுத்துவராமல் காலிப் பையாக எடுத்துவந்து கோவிலூரில் ஒரு கிலோ பூண்டு வாங்கிச் செல்லவும். பாம்பாடும் சோலையில் சாலையோரம் காட்டுமாடு நின்றால் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவும். ஹாரன் அடிக்க வேண்டாம்.