88 நாள் வீரர்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், வடபகுதியில் டல்லி என்று ஒரு சிற்றூர். அங்கே இளைஞர் விடுதிப் படிக்கட்டில், வெறுங்காலோடு, கையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான் நம்முடைய வீரர். விவசாயி மழை வரட்டும் என்று வானத்தைப் பார்ப்பார். இவர் வந்துவிடப் போகிறதே என்று பார்க்கிறார்.

சொந்த ஊர் பிரான்ஸாகவோ ஜெர்மனியாகவோ தைவானாகவோ இருக்கலாம். வயது 18-க்கு மேல், 30-க்குள். சில நாட்டாருக்கு மட்டும் 35 வரை சலுகை. கையில் இருப்பது 1975 முதல் ஆஸ்திரேலியா கொடுத்துவரும் விசா. வேலையும் விடுமுறையும் அதில் மாமியாரும் மருமகளும் போல ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும்.

முதல் சில மாதங்கள் மருமகளின் ஆட்சி. சிட்னி பாலத்தின் முன் படம், கடற்கரை, அலைச்சறுக்கு. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, "காலத்துக்கு நான் அடிமை இல்லை" என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவார். பணம் கரையும். இன்னொரு வருஷம் இருந்தால் என்ன என்று ஆசை வரும். அப்போதுதான் மாமியார் வாயைத் திறப்பாள்: "தாராளமாக இரு. ஆனால் ஊர்ப்புறம் போய், நாங்கள் சொல்லும் வேலைகளில் ஒன்றை மூன்று மாதம் செய்துவிட்டு வா."

மூன்று மாதம் என்றால் 88 நாள். அன்றோடு நம்மவர் காலத்துக்கு அடிமை.

வந்து சேர்ந்த ஊரோ மழைக்குப் பேர்போனது. டல்லியில் 7.9 மீட்டர் உயரத்தில் தங்க நிறத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் நிற்கிறது. 1950-இல் அங்கே பெய்த 7,900 மில்லிமீட்டர் மழையின் அளவு அது. சென்னை ஐந்தாறு வருஷத்தில் வாங்குவதை ஒரே வருஷத்தில் வாங்கிவிட்டு, அதற்குச் சிலையும் வைத்துக்கொண்ட ஊர். தூறலுக்கெல்லாம் வாழைத்தோட்டத்தில் வேலை நிற்காது. தோட்டத்துப் பாதை மூழ்கினால்தான் நிற்கும். நம்மவரின் இதயமும் கூடவே நிற்கும்.

காரணம், கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் முழு வேலை பார்த்தால் ஏழு நாளாக வரவு வைக்கலாம். வெள்ளிக்கிழமை வெள்ளம் வந்து வேலை போனாலோ, மீதி நான்கு நாள் மட்டுமே கணக்கு. சனியும் ஞாயிறும் சேர்ந்து போய்விடும். உலகமே வெள்ளிக்கிழமை சீக்கிரம் விடாதா என்று ஏங்க, இவர் மட்டும் வெள்ளிக்கிழமை வேலைக்குக் காய்ச்சலோடு போவார். சம்பளச் சீட்டுகளைத் தாலிக்கொடி போலப் பத்திரப்படுத்துவார்.

வேலை இதுதான். ஒருவர் மரத்தைக் கொத்துவார். வாழைத்தார் சாய்ந்து இறங்கும். அதைத் தோளில் வாங்கிக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் டிரெய்லர் வரை போய் இறக்க வேண்டும். தாரைச் சுற்றிய பைக்குள் தவளை இருக்கும், எலி இருக்கும், சில சமயம் பாம்பும் இருக்கும். முதல் நாள் தோளில் எலி குதித்தபோது அவர் போட்ட கூச்சல் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டது. 40-ஆம் நாள், "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

மாலையில் விடுதி. நான்கு லிட்டர் அட்டைப்பெட்டி ஒயின். தீர்ந்ததும் உள்ளே இருக்கும் வெள்ளிப் பையை ஊதினால் தலையணை. பேச்சு முழுக்க "உனக்கு எத்தனை? எனக்கு 51." பெயர் கேட்பது அப்புறம்தான். 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்த நிபந்தனையே கிடையாது. அப்படியும் ஒருவர் வந்து அனுபவத்துக்காகத் தார் சுமக்கிறேன் என்று சொன்னால், மற்றவர்கள் அவருக்கு எதிரில் கத்தியை வைக்க மாட்டார்கள்.

முதலாளி கட்டும் ஓய்வுக்கால நிதிக்கு அங்கே 'சூப்பர்' என்று பெயர். ஊர் திரும்பும்போது இவர் அதைக் கேட்டால் 65 சதவீதம் வரி. யாருக்கு சூப்பர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 முதல் இந்தியர்களுக்கும் இந்தப் பாக்கியம் உண்டு. வருஷத்துக்கு 1,000 இடம். 25 டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஏலச்சீட்டில்கூட விழாத தன் பெயர் இதில் விழுந்ததென்று குளித்தலைப் பொறியாளர் ஒருவர் வந்து சேர்ந்தார் என்று வையுங்கள். வீடியோ அழைப்பில் அம்மா.

"ஏன்டா, தாத்தா தோட்டத்துக்குக் கூப்பிட்டப்ப முதுகு வலிக்குதுன்ன. இப்ப அங்க போய் எவன் தோட்டத்துலயோ தாரு சுமக்கிறியா?"

"அது வேறம்மா. இங்க மணிக்கணக்குக்குச் சம்பளம்."

"தாத்தா இருபது வருஷம் சோறு போட்டாரேடா!"

தாத்தா போனை வாங்கித் தாரை உற்றுப் பார்த்தார். "இது என்ன ரகம்?"

"கேவண்டிஷ் தாத்தா."

"பூவன் இல்லியா? அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

88-ஆம் நாள் ஒருநாள் வந்தேவிடும். அடுத்த வாரமே நம் வீரர் கடற்கரையில், புதிதாக வந்தவர்கள் நடுவில் இருப்பார். தோட்டத்தில் 45 கிலோவாக இருந்த தார் இப்போது 60 கிலோ, இருட்டினால் 80. எலி பாம்பாகும். பாம்பு மலைப்பாம்பாகும்.

"திரும்பவும் போவீங்களா?" என்று யாராவது கேட்டால், "செத்தாலும் மாட்டேன்" என்பார்.

வருஷம் ஒன்று ஓடும். மூன்றாவது வருஷத்துக்கு ஆசை வரும். மாமியார் மறுபடி வாயைத் திறப்பாள்: இந்தத் தடவை ஆறு மாதம்.

அதே படிக்கட்டு, அதே நூடுல்ஸ் கிண்ணம். பக்கத்தில் உட்கார்ந்த புதியவர் ஒருவர், "எனக்கு இன்னும் 88" என்று அழாத குறையாகச் சொல்கிறார்.

நம் வீரர் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: "குழந்தை. எனக்கு 179."