அப்பத்தா பிடிக்கும் அளவு

வாத்தா, வா. விளக்குத்தூண் கடையில பாதியை அள்ளிக்கிட்டு வந்திருக்கே போல! அண்ணன் கல்யாணம்னா சும்மாவா? ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டு, அப்பத்தா பாக்குறேன். கண்ணுல புரை விழுந்தது நெசந்தான், ஆனா கோணல்மாணல் மட்டும் நல்லாத் தெரியும். ஒங்க தாத்தா புதுமண்டபத்துத் தூணோரத்துல மிசின் மிதிச்ச காலத்துல, காஜா எடுத்துக் கொக்கி வச்சுக் குடுத்தவ நானு. இப்ப அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு. நானும் திண்ணைக்கு வந்துட்டேன். வாய் மட்டும் எடம் மாறல.

மொதல்ல மாப்பிள்ளைச் சட்டையை எடு. ‘ஸ்லிம் பிட்’டாம்ல? ஸ்லிம்மா இருக்கது யாரு, சட்டையா, ஒங்கண்ணனா? பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவுல பனியன் எட்டிப் பாத்து வணக்கம் சொல்லுதே! மணவறையில உக்காந்து ஒரு மூச்சு விட்டான்னா ஐயரு மேல தெறிக்கும். திண்டுக்கல் பூட்டுக்கும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019-ல ஒண்ணாத்தான் புவிசார் குறியீடு குடுத்தாக. அந்தப் பூட்டுல நாலு வாங்கி இந்தச் சட்டைக்குப் போடச் சொல்லு. வேற எதுவும் தாங்காது.

“சின்ன அளவா எடுத்தா ஒல்லியாத் தெரிவேன் அப்பத்தா”ங்கிறான். கூறு கெட்டவன். 42 உடம்பை 40-க்குள்ள திணிச்சா மிச்ச ரெண்டு இஞ்சு எங்க போகும்? வெளிய வந்து ஊருக்குச் சொல்லத்தான் செய்யும். அதுக்காக 46 எடுத்துத் தொளதொளன்னு தொங்க விட்டாலும் வினைதான். துணி இருக்குற எடமெல்லாம் உடம்புன்னு பாக்குறவுக நெனச்சுக்குவாக. சட்டை எடுக்கையில வகுத்தைப் பாக்கக் கூடாது, தோளைப் பாக்கணும். தோள்த் தையல் தோளெலும்பு முடியிற எடத்துல போயி உக்காந்துருச்சா, அது ஒஞ் சட்டை. பக்கத் தையலை எந்தத் தையக்காரரும் டீ ஆறுறதுக்குள்ள பிடிச்சுக் குடுத்துருவாரு. தோளைச் சரி பண்ணணும்னா கையைப் பிரிக்கணும், காலரைத் தொடணும், அந்தக் கூலிக்கு இன்னொரு சட்டை தைச்சுரலாம்.

வேட்டி என்னத்த எடுத்தான்? இந்தாப் பாரு, அரைச்சாண் கரை! அவன் உசரத்துக்கு அது முழங்காலை விசாரிச்சுட்டு வரும். கரைங்கிறது குறுக்க ஓடுற கோடு. அது ஓடுற எடத்துல கண்ணு நின்னுரும், காலு குட்டையாயிரும். குட்டையா இருக்கவுக விரக்கடைக் கரை கட்டணும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைன்னா தலையிலருந்து காலு வரைக்கும் கண்ணு தடுக்காம எறங்கும். ஆளு கூடுதல் உசரமாத் தெரியும். காலு குச்சியா இருக்கவுக நாலு முழத்தை விட்டுட்டு எட்டு முழம் கட்டணும், ரெண்டு மடிப்புச் சேந்து கொஞ்சம் நெறைஞ்சு நிக்கும். கட்சிக் கரை கட்டுற ஒங்க சித்தப்பனுக்கு மட்டும் நான் ஒண்ணும் சொல்றதில்ல. அது உடம்பு வாகு பாத்துக் கட்டுறதா? கொள்கை! அதையும் தேர்தலுக்குத் தேர்தல் மாத்திக்கிறான்.

சரி, இப்ப ஒன் சேலை. அடேயப்பா, காஞ்சிபுரத்துக் கோர்வை! உடலுக்குத் தனி நூலு, கரைக்குத் தனி நூலுன்னு ஓடவிட்டு, ரெண்டு ஆளு தறியில உக்காந்து கோத்து நெய்யிறது. அழகுதான், யாரு இல்லேங்கிறா? ஆனா நீ அஞ்சடி. இந்தச் சாண் கரையைக் கொசுவம் வச்சுச் சுத்துனா, முழங்காலுக்குக் கீழ கரைதான் இருக்கும், நீ இருக்க மாட்டே. இது வரப்போற ஒங்க மதினிக்கு. அவ பனைமரத்து உசரம், பெரிய கரையும் தாங்கும், கண்டாங்கிக் கட்டமும் தாங்கும். ஒனக்கு ரெண்டு விரக்கடைக் கரை, பொடிப் பொடியா புட்டா, உடலும் கரையும் ஒரே சாயல்ல இருக்கணும். கொசுவத்தையும் அகலமா அள்ளிச் சொருகாம, ஒடுக்கமா மடிச்சு நேரா விடு.

காட்டன் சேலைக்குக் கஞ்சி போடுற வெசயமும் அதுதான். ஒடிசலா இருக்கவ மொறுமொறுன்னு போட்டுக்கலாம், துணி உடம்பை விட்டு விலகி நின்னு நாலு சதை கூடுனாப்புல காட்டும். ஒன் இடுப்புக்கு அந்தக் கஞ்சியைப் போட்டா தெருவுக்குள்ள தேர் வந்த கணக்கா இருக்கும், வடம் பிடிக்க ஆள் தேடணும். ஒனக்குச் சுங்குடி மாதிரி மெத்துன்னு விழுகுற சேலைதான் வாகு.

என்ன, போனைத் தூக்குறே? ஆப்பிள் உடம்பு, பேரிக்கா உடம்புன்னு அதுல போட்டிருக்கானா? ஒரு கூடைப் பழத்தையும் ஒம் மேல கொட்டிட்டுப் போயிருக்கான். டேப்பை எடு. தோள், மார்பு, இடுப்பு, சீட்டு, நாலு எடத்துல சுத்து. தோள் ஒடுக்கம், கீழ அகலமா? சோடனையை மேல ஏத்து. கையில கொஞ்சம் பப்பு, முந்தியில வேலைப்பாடு, கீழ வெறுசா ஒரே கலர். தோள் அகலம், கீழ ஒடுக்கமா? பப்பை வெட்டி எறி, கழுத்தை ‘வி’யா எறக்கு. அம்புட்டுத்தான் சாத்திரம். பழக்கடை தேவையில்ல.

இன்னொண்ணு. துணி எங்க முடியுதோ அங்கதான் கண்ணு நிக்கும். பருத்த எடத்துல கையை முடிச்சா, கை இன்னும் பருத்துக் காட்டும். முழங்கை வரைக்கும் விட்டுரு. குர்தியும் அப்பிடித்தான், சீட்டு அகலத்துல அதை முடிச்சா, ‘இங்க பாருங்க’ன்னு பலகை வச்ச கணக்கு. முழங்காலைத் தாண்ட விடு.

குறுக்குக் கோடு போட்ட ஜாக்கெட்டுத் துணியை ஏன் ஒளிச்சு வைக்கிறே? குண்டாக் காட்டுமா? ஒன் தம்பி அன்னைக்கு வாசிச்சுக் காட்டுனானே! ஹெல்ம்ஹோல்ட்ஸுன்னு ஒரு ஜெர்மன்காரரு, பேரைச் சொன்னா பல்லுசெட்டு வெளிய வருது, 1867-லயே எழுதிட்டாராம், குறுக்குக் கோடு போட்ட சதுரம் உசரமாத் தெரியும், நெடுக்குக் கோடு போட்டது அகலமாத் தெரியும்னு. யார்க் பல்கலைக்கழகத்துல பீட்டர் தாம்சன்னு ஒருத்தரு அதையே பொம்பளை உருவப் படத்துல சோதிச்சு, குறுக்குக் கோடு குண்டாக் காட்டலேன்னு 2011-ல சொன்னாராம். அதனால கோட்டுக்குப் பயப்படாதே. போட்டுப் பாக்கையில கோடு நேரா ஓடுதா, இல்ல வளைஞ்சு நெளியுதான்னு மட்டும் பாரு. வளைஞ்சா தப்பு கோட்டு மேல இல்ல, அளவு மேல.

அளவுன்னதும் ஞாபகம் வருது. தையக்காரர்ட்ட அளவு ஜாக்கெட்டுன்னு எதைக் குடுத்தே? காலேசுக்குப் போனப்ப போட்டதா! அது அந்தக் காலத்துச் சாட்சி, இன்னைக்கு வழக்குக்குச் செல்லாது. அவரு அதே அளவுக்குத் தைச்சுத் தந்துட்டு, “துணி சுருங்கிருச்சும்மா”ம்பாரு. நீயும் நம்பிக்கிடுவே. நேராப் போயி நின்னு அளவு குடு. கிராஸ் கட்டிங்ல தைக்கச் சொல்லு, துணியைக் கோணமா வெட்டுறதால கொஞ்சம் இழுபட்டு வளைவுல படியும். காட்டனா இருந்தா தைக்கிறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சுக் காயப்போடு, சுருங்குறது அப்பவே சுருங்கட்டும். பக்கத்துல ஒரு இஞ்சு உள்துணி விட்டு, ரெண்டு தையல் போடச் சொல்லு. கல்யாணச் சாப்பாடு முடிஞ்ச பெறகு ஒரு தையலைப் பிரிச்சு விட்டுக்கலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வையி. துணியைத்தான் பிடிக்கலாம், பிரிக்கலாம், கடையில குடுத்து மாத்தலாம். உடம்பை எந்தக் கடையிலயும் திருப்பி வாங்க மாட்டாக. ஆக, விட்டுக் குடுக்க வேண்டியது துணிதான், நீ இல்ல.

பில்லு பத்திரமா இருக்குல்ல? சாண் கரையை மதினிக்கு வச்சுட்டு, ஒங்கண்ணன் சட்டையை நாளைக்கே கொண்டு போயி மாத்து. மிச்சக் காசுல எனக்கும் ஒரு சுங்குடி எடுத்துட்டு வா. நான் நாலே முக்கால் அடி, கரை சின்னதா இருக்கட்டும்.