ஏ.சி.க்கு முக்காடு போடுவது எப்படி?

குளிர்நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரை அழகான மரப்பெட்டிக்குள் அடைத்துவிட்டு, அறை ஏன் சூடாகவில்லை என்று கம்பளிக்குள் யோசிக்கலாம். மும்பையில் அதற்கு வழியில்லை. சான்டாகுரூஸில் பதிவான கடுங்குளிரே 7.4 டிகிரிதான், அதுவும் 1962 ஜனவரியில். மனம் தளராதீர்கள். நம்மிடம் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் இருக்கின்றன.

தேவையானவை: ஜன்னல் கிரில் 1, துளசித்தொட்டி 3, பிளைவுட் கொஞ்சம், கரண்ட் பில்லுக்குப் பணம் நிறைய.

1. செம்பூர் மாடிவீட்டுக்காரர்கள் அவுட்டோர் யூனிட்டில் தொடங்கலாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், புறா கூடு கட்டும் என்று காரணம் சொல்லுங்கள்; இரண்டும் உண்மைதான். கிரில்லுக்குள் யூனிட்டை அடைத்து, விசிறிக்கு நேர் எதிரே தொட்டிகளை வரிசையாக வையுங்கள். ஒரு டன் ஏ.சி. மணிக்கு 12,000 பி.டி.யு. சூட்டை அறையிலிருந்து அள்ளுகிறது. கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் சூடாகி அதோடு சேரும். அத்தனையையும் அந்த ஒற்றை விசிறிதான் வெளியே தள்ள வேண்டும். தள்ளிய காற்று தொட்டியில் முட்டி, பின்பக்கமாக மறுபடி உள்ளே போகும். துளசி இலையின் ஓரம் அப்பளமாகப் பொரிந்தால் வேலை கச்சிதம்.

2. அடுத்து, சுவரில் இருக்கும் யூனிட்டுக்குச் சட்டம் வைத்த மரப்பெட்டி. ஏ.சி. அளப்பது அறையின் சூட்டை அல்ல, தான் இழுக்கும் காற்றின் சூட்டை. குளிர்காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. பெட்டி 24-ஐத் தொட்டதும் கம்ப்ரசர் தூங்கப் போய்விடும். நீங்கள் விசிறிக்கொண்டிருக்கலாம்.

3. ஏ.சி. இல்லாத தாராவி அண்ணாச்சிகளுக்கும் வழியுண்டு. பத்துக்குப் பத்து அறையில் ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். பக்கவாட்டைத் தொட்டால் சுடுகிறதா? பழுதல்ல. புது ஃபிரிட்ஜ் பலவற்றில் கண்டென்சர் குழாய் ஓடுவது அங்கேதான். அதன்மேல் பூப்போட்ட உறையைத் தொங்கவிட்டு, பைகளில் ரேஷன் கார்டு, மருந்துச்சீட்டு, கரண்ட் பில் எல்லாம் செருகுங்கள். பிறகு இட்லிமாவு ஃபிரிட்ஜுக்குள்ளேயே பொங்கும்.

4. மெக்கானிக்கை மட்டும் கூப்பிடாதீர்கள். மாட்டுங்காவில் என் பெரியம்மா கூப்பிட்டார். வந்தவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். "மாமி, இதுக்கு எதுக்கு ஸ்வெட்டர்?" என்றார். உறையை உருவி நாற்காலியில் போட்டார், ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னே இழுத்தார், காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் தயிர் கெட்டியாக இருந்தது. இத்தனை நாள் பட்ட பாடு வீண்.

அப்படியும் குளிரத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: அவுட்டோர் யூனிட் மழையில் நனையவே செய்யப்பட்டது. தலைக்குமேல் ஒரு தகடு போதும்; முன்னும் பின்னும் காற்றுக்கு வழி விடுங்கள். துளசித்தொட்டியை நகர்த்த யாரும் காசு கேட்கமாட்டார்கள்.