மூன்றாம் இடத்துப் பலன்

அனுப்புநர்: பாரதியார் சாலை டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள், காரைக்கால்.

பெறுநர்: இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், மும்பை.

பொருள்: சாய் சுதர்சனைச் சேர்த்தல், நீக்கல், மறுபடி சேர்த்தல் – மேற்படி வேலையில் எங்களுக்கும் பங்கு கோருதல் தொடர்பாக.

ஐயா,

தமிழ்நாட்டு ஆட்டக்காரனைப் பற்றிப் புதுச்சேரி பிரதேசத்துக்காரர்களுக்கு என்ன வழக்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. கடலில் யாரும் கிரிக்கெட் ஆடாததால் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் பையன் ரஞ்சி ஆட ஆசைப்பட்டால் நடுவில் கிடக்கும் தமிழ்நாட்டைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்பது வேறு மனு. அதைப் பிறகு அனுப்புகிறோம்.

2025 ஜூன் 20, லீட்ஸ். ஐ.பி.எல்லில் 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய கையோடு சாய் தன் முதல் டெஸ்டுக்கு இறங்கினான். நாலு பந்து. ஸ்டோக்ஸ் லெக் பக்கம் போட்டதைத் தொட்டு, கீப்பர் கையில் கொடுத்து, பூஜ்யம். “ஐ.பி.எல் வேற, டெஸ்ட் வேற மாப்ள” என்று பெஞ்சு உடனே தீர்ப்பெழுதியது. இரண்டாவது இன்னிங்ஸில் அவன் 30 எடுத்ததும், தீர்ப்பு வாசித்த அதே வாய், “டெக்னிக்கைப் பாத்தியா?” என்றது. டீ ஆறுவதற்குள் கட்சி மாறுவது எங்கள் பிழைப்பு. நாங்கள் அற்பர்கள், எங்களுக்குச் சம்பளமும் இல்லை. ஆனால் அடுத்த டெஸ்டுக்கே பர்மிங்ஹாமில் அவனை வெளியே உட்கார வைத்தீர்களே, அன்றைக்குத்தான் நீங்களும் நம்ம ஆள் என்று தெரிந்து மெய்சிலிர்த்தோம்.

ஆடும் பதினோரு பேரை முடிவு செய்வது தேர்வுக் குழு அல்ல, பயிற்சியாளர் கம்பீரும் கேப்டன் கில்லும்தான் என்று ஒருவர் சட்டம் பேசினார். அவருக்குக் கடன் டீ நிறுத்தப்பட்டது.

மான்செஸ்டருக்குத் திரும்ப அழைத்தீர்கள். முதல் இன்னிங்ஸில் 61, அணியிலேயே அதிகம். இரண்டாவதில் முதல் பந்திலேயே போய்விட்டான். அன்று மாலை கடையில் கிட்டத்தட்ட கைகலப்பு. டெல்லியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 87. அடுத்து கொல்கத்தாவில் ஆளையே காணோம்! அவன் இடத்தில் வாஷிங்டன் சுந்தர். அந்த டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 93 ரன்னுக்குச் சுருண்ட அணியில் அதிகம் எடுத்ததும் சுந்தர்தான், 31. அதை மெச்சி, அடுத்த டெஸ்டில் அவரை எட்டாவது இடத்துக்கு அனுப்பினீர்கள். இந்த நுட்பத்தை எங்கள் பெஞ்சால்கூட யோசித்திருக்க முடியாது.

குவாஹாட்டியில் சாய் மறுபடி வந்து, கடைசி இன்னிங்ஸில் 139 பந்துக்கு 14 எடுத்தான். 408 ரன்னில் தோற்ற ஆட்டம். அந்த 14 தவமா, தயிர்சாதமா என்று இன்னும் முடிவாகவில்லை.

நாங்கள் இருப்பது திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில். கிரகம் பற்றிக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. ஜாதகத்தில் மூன்றாம் இடத்துச் சனி நல்லதே செய்வார் என்பார்கள். புஜாரா போன பிறகு உங்கள் பேட்டிங் வரிசையின் மூன்றாம் இடத்தில் கில், கருண் நாயர், சாய், சுந்தர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பலன் மட்டும் மாறக் காணோம். ஐயா, ஊரே பயப்படும் சனி பகவானே ஒரு ராசியில் இரண்டரை வருஷம் உட்கார்ந்து பார்க்கிறார். நீங்கள் ஒரு டெஸ்டில் பெயர்ச்சி நடத்துகிறீர்கள்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த ரிடையர்டு வாத்தியார் பொறுமைக்கு ஒரு கதை சொன்னார். அங்கே பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் ஃபுட்பால். பெய்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக், 1998-ல், தன் முதல் சீசனில், 28 முறை பந்தை எதிரணியின் கையிலேயே எறிந்தாராம். புதுமுக ஆட்டக்காரர்களில் இன்றுவரை அதுதான் சாதனை. அணி 16 ஆட்டத்தில் 13 தோற்றது. ஆனாலும் அவரை உட்கார வைக்கவில்லை. பிற்பாடு இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் எங்கள் சொல்தா தாத்தா இதைக் கேட்டுவிட்டு, “நம்ம ஆளுங்க கையில சிக்கியிருந்தா எட்டாவது எடத்துக்கு அனுப்பியிருப்பானுவ” என்றார்.

எனவே கேட்பது இதுதான். இரண்டரை வருஷம் வேண்டாம், இரண்டரைத் தொடராவது ஒரே பையனை ஒரே இடத்தில் விட்டுப் பாருங்கள். சாயோ, வேறு யாரோ, பெயர் உங்கள் இஷ்டம். அது முடியாதென்றால் தேர்வுக் கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு இதே லட்சணத்தில்தான் வரும், விமானச் செலவு மிச்சம். டீ மட்டும் வாரியத்தின் கணக்கு.

இப்படிக்கு,
பெஞ்சுக்காரர்கள்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் கட்சி மாறிவிட்டார்கள். அவர்களுக்குத் தேர்வாளர் பதவி தரலாம், அனுபவம் இருக்கிறது.